அமெரிக்கப் பாடகர் பிரின்ஸின் ‘பேட்மேன்’ ஆல்பம் வந்ததுமே படுத்துவிட்டதா?

“1989-ல் ‘பேட்மேன்’ படத்துக்காக பிரின்ஸ் போட்ட ஆல்பம் வந்த வேகத்திலேயே படுத்துவிட்டது. படம் ஓடியது, பாட்டை யாரும் சீண்டவில்லை.” இப்படி ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் அது 6 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதிலிருந்த ‘பேட்டான்ஸ்’ பாட்டு தனிப்பாடல் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. இதைத் தோல்வி என்பது பிரின்ஸுக்குச் செய்யும் அநியாயம்.

வேகம் பிறகு குறைந்தது உண்மைதான். அடுத்து வந்த ‘பார்ட்டிமேன்’ 18-ம் இடத்தோடு நின்றது, ‘தி ஆர்ம்ஸ் ஆஃப் ஓரியன்’ 36-ஐத் தாண்டவில்லை. பாட்டு மோசம் என்பதல்ல காரணம். படத்துக்குள் அவற்றுக்கு இடமே குறைவு என்பதுதான் என் கணிப்பு. அருங்காட்சியகத்தில் வில்லன் ஜோக்கரின் ஆட்கள் ஓவியங்கள்மீது பெயின்ட்டை வீசும்போது ‘பார்ட்டிமேன்’ அதிர்கிறது. ஊர்வலக் காட்சியில் ‘ட்ரஸ்ட்’ வருகிறது. இந்த இரண்டும்தான் காதில் நன்றாக விழுபவை. உச்சம் தொட்ட ‘பேட்டான்ஸ்’ படத்திலேயே கிடையாது! அது பட வசனங்களை வெட்டி ஒட்டிச் செய்த பாட்டு. படம் பேசப்படும்வரை கொதிக்கும், பேச்சு ஓய்ந்ததும் ஆறிவிடும். காட்சிகளைத் தூக்கி நிறுத்தியது டேனி எல்ஃப்மேனின் பின்னணி இசை. அதுவும் அதே ஆண்டு தனி ஆல்பமாக வந்தது.

இன்னொன்றும் நடந்தது. 1993-ல் வந்த பிரின்ஸின் பெரிய ஹிட்ஸ் தொகுப்பில் இந்த ஆல்பத்தின் ஒரு பாட்டுகூட இல்லை, முதலிடம் பிடித்த ‘பேட்டான்ஸ்’ உட்பட.