இரண்டு முத்திரை, ஒரு சிறுவன்

சீனாவை ஆண்ட சிங் வம்சத்தின் வீழ்ச்சி என்றாலே "எல்லாம் அந்த ராஜமாதா ட்சூஷியின் சூழ்ச்சி" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கதவைத் தாழிடாமல் போனவர் ஷியான்ஃபெங் சக்கரவர்த்தி.

1861 ஆகஸ்டில், பெய்ஜிங்குக்கு வெளியே ரெஹெ என்ற ஊரின் அரச மாளிகையில் அவர் சாகக் கிடந்தபோது ஒரே மகன் ஸாய்சுனுக்கு வயது 5. முந்தின வருஷம்தான் ஆங்கில, பிரெஞ்சுப் படைகளுக்கு அஞ்சி பெய்ஜிங்கை விட்டு ஓடி வந்திருந்தார். சூஷுன் உள்ளிட்ட 8 பேரை, பையன் சார்பில் ஆளும் காப்பாளர்களாக நியமித்தார். அவர்களுக்குக் கடிவாளம் 2 சின்ன முத்திரைகள். 'யூஷாங்' பட்டத்தரசி ட்சூஆனிடம். 'தோங்தாவ்தாங்' பையனுக்கு, அதாவது, பெற்றவளான ட்சூஷியின் கைக்கு. ஆணையைக் காப்பாளர்கள் எழுதலாம். ஆனால் தொடக்கத்தில் முதலாவதும் முடிவில் இரண்டாவதும் விழாவிட்டால் அது வெறும் காகிதம்.

இரு தரப்பும் முறைத்துக்கொண்டால் தீர்ப்பது யார்? அதற்குத்தான் வழி வைக்கவில்லை. அவர் இறந்தபின், ட்சூஆன், ட்சூஷி என்ற இரு ராஜமாதாக்களே ஆளட்டும் என்று தோங் யுவான்சுன் என்ற அதிகாரி மனுப் போட்டார். காப்பாளர்கள் அவரைத் திட்டி ஆணை எழுதினார்கள். ராஜமாதாக்கள் அதை விடாமல் வைத்துக்கொண்டார்கள். உடனே காப்பாளர்கள் எந்தக் கோப்பையும் தொடமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் கூச்சலில் பயந்துபோன சிறுவன் சக்கரவர்த்தி ட்சூஆனின் உடையை நனைத்துவிட்டான் என்று ஒரு பேச்சு உண்டு. கடைசியில் பணிந்தது பெண்கள்தான்.

சூஷுன் ஜெயித்த கணக்கில் இருந்திருப்பார். ஆனால் செத்தவரின் தம்பி இளவரசர் கோங்கைக் குழுவில் சேர்க்கவே இல்லை. பெய்ஜிங்கும் வெளிநாட்டாரோடு பேச்சும் அவர் கையில் இருந்தன! சூஷுன் சவப்பெட்டியோடு மெல்ல வர, ராஜமாதாக்கள் பையனோடு முன்னால் பெய்ஜிங் போய்ச் சேர்ந்து கோங்கோடு கைகோத்தார்கள். வழியிலேயே சூஷுன் கைது. நவம்பர் 8 அன்று தலை போயிற்று. காப்பாளர்கள் தேர்ந்த 'சிஷியாங்' என்ற ஆட்சிப் பெயரையும் தூக்கிவிட்டு 'தோங்ஜி' என்று மாற்றினார்கள். பழைய பெயரில் வார்த்த காசுகள் இன்று நாணயம் சேர்ப்பவர்களுக்குப் பொக்கிஷம்.

பிறகு நடந்தது தெரிந்ததே. சிம்மாசனத்தில் பையன், பின்னால் மஞ்சள் திரை, திரைக்குப் பின்னால் இரண்டு பேர். 1873-இல் ஆட்சி முறைப்படி அவன் கைக்கு வந்தது. மறுவருஷம் இளவரசர் கோங்கின் பட்டத்தைப் பறித்தான். ராஜமாதாக்கள் உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1875 ஜனவரியில், 18 வயதில், வாரிசு இல்லாமல் செத்தான்.

அடுத்த சக்கரவர்த்தியாகக் கொண்டுவந்த குவாங்ஷுவுக்கு வயது 3. திரையை மறுபடி மாட்டினார்கள்.