அந்த நாலாவது கட்டம்

காற்றின் ஈரத்தை அளந்து இணையத்தில் அனுப்புகிற ஒரு பெட்டிக்கு நிலையான முகவரி கொடுக்க நாலு எண் வேண்டும். பெட்டியின் சொந்த எண்ணான ஐபி முகவரி, எந்த எண்கள் உள்ளூர் வலையைச் சேர்ந்தவை என்று சொல்லும் சப்நெட் மாஸ்க், வெளியே போகும் வாசலான கேட்வே, பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணைத் தரும் டிஎன்எஸ். முதல் மூன்றையும் வாசலில் மறித்து நின்று கேட்கிற பெட்டி, நாலாவதை மட்டும் "இருந்தா குடுங்க, இல்லாட்டி பரவால்ல" என்று விட்டுவிடுகிறது. பரவாயில்லையாம்! அந்தப் பரவாயில்லைக்காக இந்த மாதம் மூன்று தடவை ஊட்டியிலிருந்து கோத்தகிரிக்கு மழையில் போய்த் திரும்பியிருக்கிறேன். தொட்டபெட்டா பிரிவு தாண்டினால் எதிரே வருவது பஸ்ஸா காட்டுமாடா என்று தெரியாத மூடுபனி. ஒரு தடவை பஸ். இரண்டு தடவை காட்டுமாடு.

செய்கிற வேலை இதுதான். தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலையை நீளமான ட்ரஃப் என்கிற தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று ஊதி வாட்டுவார்கள். விதரிங். பன்னிரண்டு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். காற்றில் ஈரம் எவ்வளவு என்று தெரியாமல் ஊதினால் இலை ஒன்று வாடாமல் கிடக்கும், இல்லை மொடமொடத்துப் போகும். அதற்காகத்தான் ட்ரை பல்ப் என்கிற சாதாரண வெப்பமானி, வெட் பல்ப் என்கிற ஈரத்துணி சுற்றிய வெப்பமானி இரண்டையும் பார்ப்பது. இரண்டுக்கும் வித்தியாசம் குறையக் குறைய ஈரம் கூடுதல். மூடுபனி இறங்கிய நாளில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய காணாமலே போய்விடும். சூடான காற்றைக் கலந்துவிட வேண்டியிருக்கும். முன்பெல்லாம் ராத்திரியில் ஒருத்தர் எழுந்து எழுந்து போய்ப் பார்த்து நோட்டில் எழுதினார். இப்போது நான் மாட்டிக் கொடுக்கிற சின்னப் பெட்டி அதை அளந்து, இணையத்தில் இருக்கிற சர்வருக்கு அனுப்புகிறது. அனுப்ப வேண்டும். அனுப்பினால்தான் எனக்குக் காசு.

முகவரியைத் தானாக வாங்கிக்கொள்ளும் டிஎச்சிபி முறையிலேயே விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ரவுட்டர் முகவரியைக் கொடுக்கும்போதே கேட்வேயையும் டிஎன்எஸ்ஸையும் சேர்த்துக் கொடுத்துவிடும். ஆனால் தொழிற்சாலை ஆபீஸில் இருக்கிற கணக்கப்பிள்ளைக்குப் பெட்டியின் பக்கத்தைத் தன் கம்ப்யூட்டரிலேயே திறந்து பார்க்க வேண்டும். முகவரி மாறிக்கொண்டே இருந்தால் அவருக்குக் கோபம் வருகிறது. "தம்பி, நேத்து 37னு சொன்னீங்க, இன்னிக்கு 42ங்கறீங்க. ஒரே நம்பரா குடுங்க, செவுத்துல எழுதி வச்சுக்கறேன்." நியாயமான கோரிக்கை. பெட்டியின் செட்டிங் பக்கத்தில் ஸ்டேட்டிக், அதாவது நிலையான முகவரி என்பதைத் தொட்டேன். மூன்று கட்டம் வந்தது. நிரப்பினேன். சேவ். சர்வரில் பார்த்தேன், தரவு வந்துகொண்டிருந்தது. அவர் சுவரில் எழுதிக்கொண்டார். டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஐந்து நாள் ஒழுங்காக வந்தது. ஆறாம் நாள் எங்கோ லைன் மேல் மரம் விழுந்து கரன்ட் போய், திரும்பி வந்தது. பெட்டி எழுந்தது. தரவு வரவில்லை.

இந்த ஐந்து நாள்தான் என் வயிற்றெரிச்சல். உடனே செத்திருந்தால் அங்கேயே நின்று கண்டுபிடித்திருப்பேன். நடந்தது என்னவென்றால், டிஎச்சிபியில் இருந்தபோது ரவுட்டர் கொடுத்த டிஎன்எஸ் எண் பெட்டியின் தற்காலிக நினைவில் அப்படியே தங்கியிருக்கிறது. ஸ்டேட்டிக்குக்கு மாற்றியபோது அந்தப் பெட்டியின் மென்பொருள் அதைத் துடைக்கவும் இல்லை, நிரந்தரமாக எழுதிக்கொள்ளவும் இல்லை. கடன் வாங்கிய எண்ணை வைத்து ஐந்து நாள் ஓட்டியிருக்கிறது. கரன்ட் போனதும் நினைவு காலி. எழுந்தபோது கையில் இருந்தவை நான் கொடுத்த மூன்று எண்கள் மட்டும். நாலாவது இடத்தில் 0.0.0.0, அதாவது காலி. யாரிடம் போய்க் கேட்கும்?

சரி, கேட்க ஆள் இல்லை என்றாவது சொல்லலாம் அல்லவா? சொல்லாது. திரையில் வந்தது: "சர்வருடன் இணைக்க முடியவில்லை." பச்சைப் பொய்! சர்வர் பக்கம் அது போகவே இல்லை. சர்வர் எங்கே இருக்கிறது என்ற கேள்வியைக்கூட வாயைத் திறந்து கேட்கவில்லை. பெயருக்கு எண் கிடைக்கவில்லை என்பதும், எண் கிடைத்தும் கதவு திறக்கவில்லை என்பதும் ஒன்றா? கல்யாண மண்டபம் எந்த ஊர் என்றே தெரியாமல் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டு, "மண்டபம் பூட்டிக் கிடக்கிறது" என்று சொல்வது மாதிரி. இந்தப் பொய்யை நம்பி நான் முதல் நாள் முழுக்க சர்வரைக் குடைந்தேன். பாவம், அது சும்மா நன்றாக இருந்தது.

இரண்டாவது பயணத்தில் எலக்ட்ரீஷியன் அண்ணா லேன் கேபிளைக் காட்டி, "லைட்டு மின்னுதே, அப்புறம் என்ன?" என்றார். இணைய இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிட்டால், "எங்க சைடுல எல்லாம் ஓகே சார், 8.8.8.8க்குப் பிங் போட்டுப் பாருங்க" என்கிறார். பிங் என்றால் ஓர் எண்ணைத் தட்டிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது; 8.8.8.8 கூகுளின் பொது டிஎன்எஸ் எண். போட்டேன். போகிறது. போகத்தான் செய்யும்! பிங் எண்ணுக்குப் போகிறது. எண்ணுக்குப் போக டிஎன்எஸ் எதற்கு? அந்தப் பெட்டியின் சோதனைப் பக்கத்தில் பெயர் போட்டுப் பார்க்க வழியே கிடையாது, வெறும் எண்தான். அதாவது, எந்தச் சோதனை செய்தால் நோய் தெரியுமோ அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வைத்திருக்கிறார்கள்.

பெயரைக் கொடுத்தால் எண் கொடுக்கும் இந்த ஏற்பாடு ஒன்றும் நேற்று வந்ததில்லை. 1983ல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். 1987ல் திருத்தி எழுதிய ஆவணங்கள்தான் இன்றுவரை அடிப்படை. அதற்கு முன்னால் எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே கோப்பில் இருந்தது, அவரவர் அதை நகலெடுத்து வைத்துக்கொண்டார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன விஷயத்தை, 'விருப்பமிருந்தால்' என்ற தலைப்பின் கீழே, அதுவும் 'மேம்பட்ட அமைப்புகள்' என்ற இன்னொரு பக்கத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். எதில் மேம்பட்டது? அது இல்லாமல் பெட்டி ஒரு அடி நகராது.

நிரல் எழுதுகிறவர்களின் பக்கமும் இதே லட்சணம்தான். நானும் எழுதுகிறேன், அதனால் என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன். ஆர்டுயினோ என்கிற சின்னக் கணினிப் பலகைக்கான ஈதர்நெட் நூலகத்தில் (தயாராகக் கிடைக்கிற நிரல் தொகுப்பு) வரிசை இப்படி: மேக் முகவரி (சாதனத்தின் வன்பொருள் எண்), ஐபி, டிஎன்எஸ், கேட்வே, சப்நெட். ஈஎஸ்பி32 என்கிற இன்னொரு சில்லின் வைஃபையில் ஐபி, கேட்வே, சப்நெட், அப்புறம் கடைசியாக டிஎன்எஸ். அதைத் தராமலே விடலாம், விட்டால் பூஜ்யம். ஒன்றில் எழுதிய பழக்கத்தில் இன்னொன்றில் கேட்வேயையும் டிஎன்எஸ்ஸையும் இடம் மாற்றிப் போட்டது நான்தான், தப்பு என்னுடையது. ஆனால் அந்தத் தப்பு ஒரு வருஷம் தெரியவே இல்லை என்பதைக் கவனியுங்கள். சின்ன ஆபீஸ்களில் கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் ஒரே ரவுட்டர், ஒரே எண். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலும் வண்டி ஓடும். என்றைக்கு டிஎன்எஸ்ஸை மட்டும் 8.8.8.8 என்று மாற்றினேனோ அன்றைக்குக் கேட்வே 8.8.8.8 ஆகிவிட்டது. பெட்டி தன் வாசற்படியைத் தேடி அமெரிக்கக் கம்பெனியின் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அதே ஈதர்நெட் நூலகம், ஐபி மட்டும் கொடுத்தால் மீதியைத் தானே ஊகிக்கும். உங்கள் முகவரி 192.168.1.50 என்றால் டிஎன்எஸ்ஸும் கேட்வேயும் 192.168.1.1 என்று வைத்துக்கொள்ளும். பல இடங்களில் சரியாகவே இருக்கும். ரவுட்டர் 192.168.1.254ல் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஊகம் புஸ். ஊகித்ததைத் திரையில் காட்டிவிட்டு ஊகித்திருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இன்னொரு கொடுமை. இரண்டு வரித் திரையும் மேல், கீழ் பொத்தானும் மட்டும் இருக்கிற சாதனங்கள். ஒவ்வொரு இலக்கமாகப் பொத்தானை அமுக்கி எண் ஏற்ற வேண்டும். 9க்குப் போக ஒன்பது தடவை, தவறி ஒன்று கூட அமுக்கினால் மறுபடி சுற்று. டிசம்பர் காலையில், விரல் மரத்துப் போயிருக்கும்போது செய்து பாருங்கள். அந்தத் திரை எப்போதும் மூன்று இலக்கமாகத்தான் காட்டும், 192.168.010.001 என்று. அழகாக வரிசையாக இருக்கிறதே என்று அதைப் பார்த்து அப்படியே கம்ப்யூட்டரில் அடித்தேன். பழைய யூனிக்ஸ் வழக்கப்படி முன்னால் பூஜ்யம் இருந்தால் அது எட்டடிமான எண், 0 முதல் 7 வரை மட்டும் இலக்கம் உள்ள கணக்கு. 010 என்றால் எட்டு! முகவரி 192.168.8.1 ஆகிவிட்டது. 008 என்று போட்டாலோ எட்டடிமானத்தில் எட்டு என்ற இலக்கமே கிடையாது, ஒரேயடியாகத் தள்ளிவிடும். ஒரு பூஜ்யத்துக்கு இவ்வளவு அதிகாரம்.

"எல்லாத்துலயும் 8.8.8.8 போட்டுட்டு வேலையப் பாரு" என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். 2009லிருந்து அது இருக்கிறது, 2018லிருந்து கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1ம் இருக்கிறது, இரண்டும் நல்ல சேவைதான். நானும் போட்டேன். தலைமை அலுவலகத்தோடு இணைந்த இன்னொரு தொழிற்சாலையில், டிஎன்எஸ் கேள்விகள் வெளியே போகும் 53ஆம் எண் போர்ட்டை ஃபயர்வால் என்கிற காவல் நிரலில் அடைத்து வைத்திருக்கிறார்கள். பெயர் கேட்க வேண்டுமென்றால் அவர்களுடைய சொந்த டிஎன்எஸ்ஸிடம்தான் கேட்க வேண்டும். அது எந்த எண் என்று கேட்டேன். "அது சிஸ்டம் பாக்கற தம்பிக்குத்தான் தெரியும். அவரு கோயமுத்தூர்ல இருக்காரு, வெள்ளிக்கெழம வருவாரு." நான் போனது சனிக்கிழமை.

உண்மையில் சரியான வழி எதுவென்று எனக்குத் தெரியும். பெட்டியில் எதையும் தொடாதே. டிஎச்சிபியிலேயே விடு. ரவுட்டருக்குள் போய், இந்த மேக் முகவரிக்கு எப்போதும் இந்த எண்தான் என்று ஒதுக்கி வைத்துவிடு. கணக்கப்பிள்ளைக்கு ஒரே நம்பர் கிடைக்கும், பெட்டிக்கு டிஎன்எஸ் தானாக வரும், நாளைக்கு டிஎன்எஸ் மாறினாலும் ஓர் இடத்தில் மாற்றினால் போதும். ஆனால் ரவுட்டரின் பாஸ்வேர்டு? மாட்டிவிட்டுப் போனவரிடம். அவர் எங்கே? வேலையை விட்டுவிட்டார். பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டு? சாரல் பட்டு எழுத்து அழிந்துவிட்டது. ரீசெட் பண்ணட்டுமா? "அய்யய்யோ, நெட்டு போயிருச்சுன்னா ஏலத்துக்கு லிஸ்ட் அனுப்ப முடியாது தம்பி." ஆக, மறுபடியும் நாலு எண், மறுபடியும் நாலாவது கட்டம்.

நேரம் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்தப் பெட்டிகளில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. எழுந்ததும் என்டிபி சர்வரிடம் மணி கேட்கும். அந்த சர்வருக்கும் பெயர்தான், எண் இல்லை. டிஎன்எஸ் இல்லையென்றால் மணி இல்லை. மணி இல்லையென்றால், சர்வர் அசல்தான் என்று காட்டுகிற டிஎல்எஸ் சான்றிதழ் செல்லுமா என்று பார்க்க முடியாது. பெட்டியின் தேதி 1970ல் நிற்கும், அதைப் பார்த்தால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் நாலாவது எண்ணைச் சரிசெய்யாமல் அவசரத்துக்கு சர்வரின் எண்ணையே நேரடியாகப் போட்டாலும் கதவு திறக்காது. சொல்லப்போனால் இன்னொரு காரணமும் உண்டு, சான்றிதழ் பெயருக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது, எண்ணுக்கு அல்ல. உள்ளே எஸ்டி கார்டில் சேர்ந்திருந்த கோப்பை எடுத்துப் பார்த்தேன். முதல் அளவு: 1970 ஜனவரி 1, காலை 5:30. கம்ப்யூட்டர் நேரத்தை எண்ணத் தொடங்குகிற பூஜ்யம் அது, இந்திய நேரக் கணக்குப்படி. அந்தத் தேதியில் அந்தத் தொழிற்சாலையே கிடையாது. ஆனால் வெட் பல்ப் 14 டிகிரி என்று துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது.

பெட்டிக்குப் பதில் ராஸ்பெர்ரி பை என்கிற சின்னக் கணினி வைத்திருக்கும் இடத்தில் நிம்மதி என்று நினைத்தேன். டிஎன்எஸ் எண் இருக்கிற ரிசால்வ் கான்ஃப் கோப்பைத் திறந்து கையால் எண்ணை எழுதினேன், மறுதுவக்கத்தில் அழிந்தது. அந்தக் கோப்பை வேறொரு நிரல் எழுதுகிறது என்று முதல் வரியிலேயே போட்டிருந்ததாம், யார் படித்தார்கள்? பிறகு முகவரி வாங்கித் தரும் டிஎச்சிபிசிடி என்கிற நிரலின் கோப்பில் எழுதக் கற்றுக்கொண்டு டைரியில் குறித்து வைத்தேன். 2023ல் வந்த பதிப்பில் அந்த வேலையை நெட்வொர்க் மேனேஜர் என்கிற வேறொரு நிரலுக்குக் கொடுத்துவிட்டார்கள். டைரியில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

பெட்டி செய்கிறவர்களே, நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஸ்டேட்டிக் என்று தொட்டால் நாலு கட்டத்தையும் ஒரே பக்கத்தில் காட்டுங்கள். நாலாவது காலியாக இருந்தால் சேவ் ஆக விடாதீர்கள். சேவ் செய்ததும் ஒரு பெயரைக் கேட்டுப் பார்த்து, பதில் வராவிட்டால் "பெயர் தெரியவில்லை" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். உங்களுக்கு இது அரை நாள் வேலை. எனக்கு அறுபது கிலோமீட்டர்.

மூன்றாவது பயணத்தில் நாலு எண்ணையும் மார்க்கரால் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டினேன். எலக்ட்ரீஷியன் அண்ணா எட்டிப் பார்த்து, "இந்தக் கடைசி நம்பர் எதுக்கு தம்பி?" என்றார். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "இவ்ளோ முக்கியம்னா அது ஏன் முதல்லயே கேக்கல?" என்றார். பெட்டியை மூடி ஸ்க்ரூவை முறுக்கினேன்.

கோடநாடு பக்கம் இன்னும் இரண்டு பெட்டி மாட்டியிருக்கிறேன். அதே மாடல், அதே வாரம். அவற்றில் நாலாவது கட்டத்தை நிரப்பினேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. தரவு ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. அங்கே இன்னும் கரன்ட் போகவில்லை.