அந்தத் தூணும் ஷேக்ஸ்பியரும்

லண்டனின் ஒரு பழைய விடுதித் தூணில் ஷேக்ஸ்பியர் சாய்ந்து நின்றதாகச் சொல்லும் காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அதற்குக் கீழே நான் எழுதியதையும், அரை மணி நேரத்தில் அது காணாமல் போனதையும் பலர் பார்த்தீர்கள். "வயிற்றெரிச்சல்" என்று எனக்குப் பட்டமும் கிடைத்தது. இது என் பக்கம் என்பதால் மறுபடியும் எழுதுகிறேன்: லண்டன் சதர்க்கில் உள்ள ஜார்ஜ் இன் மதுவிடுதியின் அந்த மரத்தூணில் ஷேக்ஸ்பியர் சாய்ந்து நின்றிருக்க முடியாது. அவர் இறந்தது 1616இல். 1676இல் சதர்க்கில் பெருந்தீ. இன்று நிற்கும் கட்டடம் 1677இல் எழுந்தது.

"அதே இடத்தில் முன்பும் ஒரு விடுதி இருந்ததே?" இருந்தது. 16ஆம் நூற்றாண்டு வரைபடத்திலேயே இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கமும் நடக்கும் தூரம்தான். வந்திருக்கலாம். வந்தார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. எப்படியானாலும் அந்தத் தூண் அப்போது இல்லை!

தேதி தவறியதுகூடப் போகட்டும். அந்த விடுதி யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்களைப் பற்றி முழுக் காணொளியிலும் ஒரு வாக்கியம் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை லண்டன் நகருக்குள் நுழையத் தேம்ஸ் மீது ஒரே பாலம்தான். இரவில் அதன் கதவை அடைத்துவிடுவார்கள். தெற்கே உள்ள கென்ட், சசெக்ஸ் பக்கமிருந்து பொழுது சாய்ந்து வருகிறவர்கள் சதர்க் இருக்கும் தென்கரையில் தங்கியே ஆக வேண்டும். அதனால்தான் ஜார்ஜ் இன் இருக்கும் பரோ ஹை ஸ்ட்ரீட் நெடுக விடுதிகள். வண்டி நுழைகிற அகலத்தில் வாசல், நடுவே முற்றம், மேலே மரத் தாழ்வாரம், குதிரைகளுக்கு லாயம். எல்லாமே வண்டிக்காரர்களுக்கும் பயணிகளுக்கும்.

என் அப்பா லாரி ஓட்டியவர். சேலத்திலிருந்து சரக்கேற்றிச் சென்னைக்கு வந்தால், இறக்கி முடிகிற வரை வண்டிக்கு அடியிலேயே துண்டை விரித்துப் படுப்பார். சரக்கை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். ஜார்ஜ் இன் தாழ்வாரத்தில் நின்று முற்றத்தைப் பார்த்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது. அவர் படுத்த மண்டி வாசல்களைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்?

"குடிக்கிற இடத்துக்கு இவ்வளவு வக்காலத்தா?" என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை.

"பெரிய பெயரைச் சொன்னால்தானே கட்டடம் பிழைக்கும்?" இதைக் கேட்டவர் என் நண்பர் என்பதால் வலிக்கிறது. பக்கத்திலேயே டாபர்ட் விடுதி இருந்தது. பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' நூலில் யாத்திரிகர்கள் புறப்படுவதே அங்கிருந்துதான். ஆங்கிலக் கவிதையில் அதைவிடப் பெரிய பெயர் எது? அந்த விடுதியும் 1676 தீயில் எரிந்து, மீண்டும் கட்டப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. பெயர் காப்பாற்றவில்லை. ஜார்ஜ் இன்னையும் முழுதாக விடவில்லை. கிரேட் நார்தர்ன் ரயில்வே அதைச் சரக்கு நிலையமாக வைத்திருந்து, கிடங்கு கட்டுவதற்காக 1889 வாக்கில் இரண்டு பக்கங்களை இடித்தது. மிஞ்சியது தெற்குப் பக்கம் மட்டும். 1937இல் அது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் வந்தது. லண்டனில் மாடித் தாழ்வாரத்தோடு எஞ்சியிருக்கும் வண்டி விடுதி இது ஒன்றுதான். இதற்கு மேல் ஒரு பொய் வேண்டுமா, பார்க்க வைப்பதற்கு?

காணொளி எடுத்தவர்களே, இதனால் யாருக்கு நஷ்டம் என்கிறார்கள். எனக்கு நஷ்டம். என் அப்பாவைப் போன்றவர்கள் வந்து தங்கிய ஒரு இடத்தை, அங்கே வந்தாரா என்றே தெரியாத ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

அதே தெருவில் இரண்டாம் பாகம் எடுக்கப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். முற்றத்தில் நிற்கும்போது கேமராவை வடக்கே திருப்புங்கள். அங்கே இருந்த தாழ்வாரம் எங்கே போனது என்று சொல்லுங்கள். என் கருத்தை மீண்டும் போட வேண்டாம், அந்த வண்டிக்காரர்களைப் பற்றி ஒரு நிமிடம் பேசுங்கள்.