மண்ணெண்ணெய் முடிந்த இடம்

(யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு சைக்கிள் திருத்தும் கடை. கந்தையா, தவத்தின் சைக்கிள் டியூப்புக்குக் காற்றடித்து, பேசின் தண்ணீருக்குள் அமிழ்த்தி ஓட்டை தேடுகிறார். வாங்கில் தவம்.)

தவம்: நேற்று இரவு டிவியில் தெனாலி போட்டார்கள், அண்ணை. பார்த்தீர்களா?

கந்தையா: 2000ஆம் ஆண்டில் பார்த்த கோபமே இன்னும் ஆறவில்லை. எங்கள் தமிழைக் கதைக்கக் கமல்ஹாசன் பட்ட பாட்டைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆளை எதைக் கண்டாலும் நடுங்குகிறவனாக்கிவிட்டார்களே! ஷெல் ஓய்வதற்குள் பங்கருக்கு வெளியே வந்து பீடி பற்றவைத்த ஊர் இது.

தவம்: நீங்கள் பல்லிக்குப் பயம் என்று அக்கா சொன்னாரே?

கந்தையா: ஷெல் தலையில் விழுந்தால் ஒரேயடியாகப் போய்விடுவோம். பல்லி விழுந்தால் பஞ்சாங்கம் பார்க்க வேண்டும்.

தவம்: சரி, தீபன்? எங்கள் அல்லைப்பிட்டி ஷோபாசக்திதான் கதாநாயகன். 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது வாங்கிய படம்.

கந்தையா: அல்லைப்பிட்டிக்காரர் பனைக்காகப் பிரான்ஸ் வரை போக வேண்டுமா?

தவம்: படம் எப்படி?

கந்தையா: நான் பார்க்கவில்லை. விருதைப் பற்றித்தான் கருத்துச் சொன்னேன்.

தவம்: பார்த்ததில் எது சிறந்தது?

கந்தையா: நாயகன். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் பார்த்தது. டிவி, வீடியோ டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுப்போம். ஒழுங்கை முழுவதும் காசு சேர்த்து, ஒரே இரவில் நான்கு படம். இரண்டு சொட்டுப் பெட்ரோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது என் வேலை. அது நல்ல கட்டம் பார்த்துத்தான் இருமும். நான் ஓடுவேன். நாயகனில் பாட்டெல்லாம் எனக்கு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் கேட்டது. ஆனாலும் எவ்வளவு நிம்மதியான முடிவு!

தவம்: நிம்மதியா?

கந்தையா: சாட்சி இல்லை என்று கோர்ட்டில் விட்டுவிட்டார்கள். மனிதர் வெளியே வருகிறார், சனம் ஆர்ப்பரிக்கிறது. அத்தோடு மண்ணெண்ணெய் முடிந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம்.

தவம்: அண்ணை... வெளியே வந்தவரைச் சுட்டுவிடுகிறார்கள்.

(டியூப் கையிலிருந்து நழுவித் துள்ளி மேலே வருகிறது.)

கந்தையா: யார்?

தவம்: அவர் கொன்ற பொலிஸ்காரரின் மகன்.

கந்தையா: அந்தக் குடும்பத்தை இவர்தானே பார்த்தார்! முப்பது வருடமாக, பேரனோடு விளையாடிக்கொண்டு இருக்கிறார் என்றல்லவா நினைத்தேன்? அன்றைக்கு அரைப் போத்தல் மண்ணெண்ணெய் கூடுதலாக இருந்திருந்தால்...

தவம்: காப்பாற்றியிருப்பீர்களா?

கந்தையா: அன்றைக்கே இருட்டில் அழுது முடித்திருப்பேன். இப்போது கடையைத் திறந்து வைத்துக்கொண்டு அழ முடியுமா, தம்பி?

(சிறிது நேரம் மௌனம்.)

தவம்: டைட்டானிக்காவது முழுவதும் பார்த்தீர்களா?

கந்தையா: மூன்றேகால் மணிநேரப் படம். பாதியில் நித்திரையாகிவிட்டேன். இரண்டு பிள்ளைகளும் கப்பல் முனையில் கை விரித்து நின்றது வரை நினைவிருக்கிறது. நீர் வாயைத் திறக்க வேண்டாம். அவர்கள் அமெரிக்காவில் இறங்கி எங்கேயாவது நன்றாக இருக்கட்டும்.

(டியூப்பை மறுபடி தண்ணீருக்குள் அமிழ்த்துகிறார். பெரிய பெரிய குமிழிகள். தவம் தெருப்பக்கம் திரும்பிக்கொள்கிறான்.)