டான்சாங் ஊலாங்ல வர்ற பூ வாசம் எசென்ஸ் இல்லீங்க

ஃபீனிக்ஸ் டான்சாங்ங்கறது ஒரு ஊலாங் டீ, அதாவது பச்சை டீக்கும் கறுப்பு டீக்கும் நடுவுல உள்ள வகை. அதுல தேன், ஆர்க்கிட் பூ வாசம் வந்தா அது எசென்ஸ் கலந்ததுன்னு ஒரு மெசேஜ் சுத்துது, தப்புங்க. சீனாவுல குவாங்டாங் மாகாணத்துல சாவ்சோ பக்கம் ஃபீனிக்ஸ் மலையில விளையற இலை இது, பறிச்சு வெயில்ல வாட்டி, ராத்திரியில திரும்பத் திரும்ப குலுக்குவாங்க, அப்போ இலை ஓரம் அடிபட்டு காத்து பட்டு கொஞ்சம் ஆக்ஸிடைஸ் ஆகும், அந்த நேரத்துல லினலூல், ஜெரானியால், இண்டோல்னு பூக்கள்லயே இருக்கற வாசப்பொருள்லாம் இலையிலயும் கூடும். ரகத்துக்கு ரகம் வாசம் மாறும், அதான் இதோட அழகே! மல்லிகை டீ வேற, அதுல நிஜமாவே பூ சேர்ப்பாங்க. எசென்ஸ் போட்ட மலிவு ஊலாங்கும் விக்கிறாங்க, ஆனா அதுல வாசம் பெரும்பாலும் சீக்கிரமே போயிடும், நல்ல டான்சாங் ஆறேழு தடவை வெந்நி ஊத்தினாலும் மணக்கும், லேசா துவர்க்கும், அப்புறம் தொண்டையில இனிப்பு நிக்கும்.