1எக்ஸ் பீக் இல்லையென்றால் பேரிங் நல்லதா?

இயந்திர அதிர்வை அளந்து பேரிங்கைச் சோதிப்பது பற்றி ஒருவர், “ஸ்பெக்ட்ரத்தில் 1எக்ஸ், 2எக்ஸ் பீக் இல்லையா, பேரிங் நல்லாத்தான் இருக்கு” என்கிறார். (ஸ்பெக்ட்ரம்: எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் வரைபடம். 1எக்ஸ், 2எக்ஸ்: ஷாஃப்ட் சுழலும் வேகமும் அதன் இரு மடங்கும்.) தவறு. அந்தப் பீக்குகள் பெரும்பாலும் அன்பேலன்ஸ் (சுழலும் பாகத்தின் எடை சமமாக இல்லாதது), மிஸ்அலைன்மென்ட் (ஷாஃப்ட்டுகள் நேர்கோட்டில் இல்லாதது) சமாச்சாரம். பேரிங் பழுது பொதுவாக ஷாஃப்ட் வேகத்தின் முழு மடங்கில் வராது.

6205 என்ற மாடல் பேரிங்கையே பாருங்கள்: 9 குண்டு. அசையாத வெளி வளையத்தில் ஒரு குழி விழுந்தால், குண்டுகள் அதைக் கடக்கும்போது ஷாஃப்ட்டின் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.58 தட்டு, சுழலும் உள் வளையத்தில் என்றால் 5.42. 1800 ஆர்பிஎம்மில் ஏறக்குறைய 107.5, 162.5 ஹெர்ட்ஸ். குண்டு கொஞ்சம் வழுக்குவதால் ஓரிரு சதவீதம் நகர்ந்தும் நிற்கும்.

ஆரம்பத்தில் அங்கேயும் பீக் தெரியாமல் போகலாம். ஒவ்வொரு தட்டும் ஹவுசிங்கை (பேரிங் உட்கார்ந்திருக்கும் கூட்டை) மணி அடித்தாற்போல் சில கிலோஹெர்ட்ஸில் அதிர வைக்கும். அந்தப் பட்டையை மட்டும் வடிகட்டி, என்வலப் (அதிர்வின் ஏற்ற இறக்கத்தின் மேல்கோடு) எடுத்து, அதற்கு எஃப்எஃப்டி (அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போடுங்கள். ஒளிந்திருந்த 107.5 ஹெர்ட்ஸ் பீக் அங்கே எழுந்து நிற்கும்.