மங்கலான விளக்கு பராமரிப்புக் குறையா?

மதுரை அருங்காட்சியகங்களில் பழந்துணிகளும் கடிதங்களும் உள்ள இடங்களில் வெளிச்சம் குறைவாக இருப்பது பராமரிப்பின்மையால்தான் என்று ஒருவர் எழுதியதைப் பலர் பகிர்ந்திருக்கிறார்கள். பார்க்க அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் இத்தகைய பொருள்களுக்கு விளக்கை வேண்டுமென்றே குறைத்து வைப்பதே முறை.

வெளிச்சம் சாயத்தையும் நூலிழையையும் சிறுகச் சிறுகச் சிதைக்கிறது. வெளுத்த நிறத்தை மீட்க வழியில்லை என்பதாலும், சேதம் ஆண்டுக்காண்டு சேர்ந்துகொண்டே போகும் என்பதாலும், துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றுக்குச் சுமார் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமே போதுமென்பது உலகெங்கும் அருங்காட்சியகத் துறையினர் கைக்கொள்ளும் அளவு. நண்பகல் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் ரத்தக்கறை படிந்த துணி இந்த வகையைச் சேர்ந்தது. கல்லுக்கு இந்தக் கவலை இல்லை. திருமலை நாயக்கர் மகாலின் கற்சிற்பங்களைப் பகல் வெளிச்சத்திலேயே பார்க்கலாம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். சிவப்புச் சுங்குடித் துண்டு ஒன்றில் பாதியை அட்டையால் மூடி, சித்திரை வெயிலில் (நம்மூரில் அதற்கா பஞ்சம்!) மொட்டைமாடியில் சில வாரங்கள் விட்டு, பிறகு அட்டையை எடுத்துப் பாருங்கள். அருங்காட்சியகத்துக்குள் கைபேசியின் ஒளிமானிச் செயலி தோராயமான லக்ஸ் கணக்கைக் காட்டிவிடும்.